மனம் வைத்தால் விட்டுவிடலாமா?

புகை பிடிப்பவரைக் குறித்து நம் பங்குகளில் வழங்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: "மனம் வைத்தால் விட்டுவிடலாம், அவருக்குத்தான் மனமில்லை." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஒரு நாளும் புகைக்காதவராயிருப்பார். இத்தீர்ப்பு எவ்வளவு சரி என்பதை அறிய, மனவுறுதிக்கு முன்மாதிரியாகத் திருச்சபையில் காட்டப்படும் ஒருவரது வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-ஆம் ஆண்டு பிறந்தவர் மாட் டால்பட். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிப்பழக்கமும் தொற்றிக்கொண்டது. கூலியெல்லாம் மதுக்கடைக்கே போயிற்று. 1884-இல், வேலையுமின்றிக் கையில் காசுமின்றி இருந்த ஒரு நாள், மதுக்கடையருகே போய் நின்றார். தம் செலவில் எத்தனையோ முறை குடித்த நண்பர்களுள் ஒருவராவது உள்ளே அழைப்பார் என்பது அவரது நம்பிக்கை. ஒருவரும் அழைக்கவில்லை. வீடு திரும்பித் தாயிடம் சொல்லிவிட்டுக் குருவானவர் ஒருவரிடம் சென்று, இனிக் குடிப்பதில்லை என வாக்குறுதி கொடுத்தார். 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

இவ்வளவும் பலர் அறிந்ததே. டால்பட் புகையிலையையும் விட்டவர் என்பதும், குடியை விட்டதைவிடப் புகையை விட்டதே தமக்குக் கடினமாயிருந்தது என்று அவர் சொன்னதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடும்பத்தைக் குலைத்த பெரும் பழக்கத்தை வென்றவருக்கு, யாரும் பெரிதாகக் குறைசொல்லாத ஒரு சிறு பழக்கம் ஏன் அதைவிடக் கடினமாயிற்று?

குடிக்கு ஓர் இடமும் நேரமும் உண்டு. புகைக்கு அவை இல்லை. உணவுக்குப் பின், வேலை இடைவேளையில், தனிமையில், கூட்டத்தில் என எப்போதும் அது கூடவே வருகிறது. இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. நாளொன்றுக்கு 20 சிகரெட், ஒவ்வொன்றிலும் 10 இழுப்பு என்றால், உடல் அன்றாடம் 200 முறை அதே பாடத்தைப் படிக்கிறது.

இதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. புகையின் கேட்டை 1964-இல் அறிவித்த அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் புகழ்பெற்ற அறிக்கைகூட, இது பழக்கமே, அடிமைத்தனமன்று என்றுதான் எழுதியது. ஹெராயின், கொக்கெயின் போலவே நிக்கோட்டினும் மனிதரை அடிமைப்படுத்துவது என்று அப்பதவியிலிருந்த எவரெட் கூப் அறிவித்தது 1988-இல். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் புகையிலை நிறுவனங்கள் சொல்லிவந்தது என்ன? புகைப்பது அவரவர் சுதந்திர விருப்பம். விட நினைப்பவர் விட்டுவிடலாம் என்பதே. நோயுற்றோர் தொடுத்த வழக்குகளிலும் இதுவே அவர்களது கேடயம். ஆனால் பிரௌன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் வழக்கறிஞர், நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருளே என்று 1963-இலேயே உள்ளறிக்கையில் எழுதியிருந்தார். இருந்தும், 1994 ஏப்ரலில் ஏழு நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஆணையிட்டு, அப்படித் தாங்கள் நம்பவில்லை என்றனர்.

நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும் தீர்ப்பும் அவர்கள் ஆதாயத்திற்காகச் சொன்ன வாதமும் ஏறத்தாழ ஒரே வாக்கியம். எனக்கு இது உறுத்துகிறது.

மனித மனத்தை மறையியலார் அவ்வளவு எளிதாக எடைபோட்டதில்லை. மனம் கையை அசையச் சொன்னால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் தானே எதிர்த்து நிற்கிறது என்று புனித அகுஸ்தினார் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதுகையில் வியந்தார். தடுக்கப்படாத பழக்கம் காலப்போக்கில் கட்டாயமாகிவிடுகிறது என்பதும் அவர் கண்டதே. விருப்பம் பொய்யன்று; அது காயப்பட்டது.

டால்பட் இதை அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அவர் தம் மனவுறுதியை நம்பி வாழ்ந்தவரல்லர். முதலில் கொடுத்த வாக்குறுதி மூன்று மாதங்களுக்கு மட்டுமே. ஆயுளுக்கும் என்பது பின்னர் வந்தது. சபலம் வந்தாலும் வாங்க முடியாதபடி, பையில் காசின்றியே வெளியே சென்றார். விடியற்காலைத் திருப்பலி, வேலை முடிந்தபின் கோயில் என்று நாளின் வெற்றிடங்களை நிரப்பினார். குடியை விட முடியாதவர்மீது கடுமை காட்டலாகாது என்று பிறருக்குச் சொன்னவரும் அவரே. தவக்காலம் முழுவதும் சிகரெட்டைத் தொடாதிருந்து, பாஸ்கா திருவிழிப்பு முடிந்ததும் கோயில் மதிலோரம் பற்றவைப்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நாற்பது நாள்கள் அற்பமா?

எந்தத் துணையுமின்றி விட முயல்வோரில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிலைப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே என்கின்றன ஆய்வுகள். ஆகவே, இறுதியில் விட்டவர்களில் பலர் பலமுறை தோற்றவர்கள். நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. அப்பசை 1978-இல் சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றது. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மருந்தின் துணையை நாடுவது மனவுறுதியில்லாதவர் வேலை என்று சிலர் கருதுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டால்பட்டின் காசில்லாத பையும் அவ்வகைத் துணையே.