பழியஞ்சும் ஊரில் துப்பறியும் கதைகள்

மதுரை சிம்மக்கல்லில், வைகைக் கரைக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் வாடகை நூல் நிலையம் ஒன்று இருந்தது. நான் சொல்வது 1980களின் இறுதி. பெயர்ப்பலகைகூட இல்லாத அச்சிறு அறையில் மாத நாவல்களும், வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகளும் உத்தரம் வரை அடுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து நான் எடுத்துவந்த ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில், எனக்கு முன்னால் வாசித்த புண்ணியவான் ஒருவர், கொலையாளி இன்னார் என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார். ஆத்திரத்தோடுதான் வாசித்தேன். அந்தப் பாத்திரம் வாய் திறந்தபோதெல்லாம் அதன் சொற்களில் நஞ்சைக் கண்டேன். சிரித்தால் சூது என்றும், அழுதால் நடிப்பு என்றும் எண்ணினேன். கடைசி அத்தியாயத்தில்தான் தெரிந்தது, பென்சில்காரர் எழுதியது பொய். ஏறத்தாழ நூறு பக்கங்களுக்கு ஒரு நிரபராதியை மனதுக்குள் தூக்கிலிட்டபடி வாசித்திருக்கிறேன்.

குற்றக்கதைகள்மீது எனக்குள்ள தீராப் பித்தைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கேலி செய்யும்போதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்துதான் நினைவுக்கு வரும். இவ்வகைக் கதைகள் மேலைநாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வியாதி என்பது அவர்கள் கட்சி. வடிவம் அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் அதன் உயிர்நிலையான கேள்வி, பழி உரியவர்மீதுதான் விழுகிறதா என்பது, இந்த மண்ணில், அதிலும் மதுரையில், மிகப் பழையது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு குற்றவழக்காக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். களவு போனது அரசியின் சிலம்பு. கையில் ஒரு சிலம்போடு பிடிபட்டவன் அயலூர் வணிகன். குற்றம் சாட்டுகிறவனே களவாடிய பொற்கொல்லன். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அரசன் கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடையைக் கண்ணகி அவையில் உடைத்துக் காட்டும்போது காலம் கடந்துவிடுகிறது. அரசன் உயிர் விடுகிறான், ஊர் எரிகிறது. சான்றை ஆராயாமல் வழங்கிய ஒரு தீர்ப்புக்கு ஒரு நகரமே விலை கொடுத்த கதை இது.

இதற்கு மறுமொழி போல இன்னொரு கதையும் மதுரையில் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் பழியஞ்சின படலம் அது. திருப்புத்தூரிலிருந்து மனைவி மக்களோடு மதுரைக்கு வரும் அந்தணன் ஒருவன், மனைவியை ஆலமரத்தடியில் இருத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறான். திரும்பி வருவதற்குள் அவள் அம்பு பட்டு இறந்துகிடக்கிறாள். அருகே வில்லோடு ஒரு வேடன். வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் வேடன் உறுதியாக மறுக்கிறான். குலோத்துங்க பாண்டியனுக்கு ஐயம் தீரவில்லை. இறைவன் வாக்குப்படி அந்தணனையும் அழைத்துக்கொண்டு, இரவில் வணிகர் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறான். அங்கே எமதூதர் இருவர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது: மரத்தில் என்றோ தைத்துக் கிடந்த அம்பைக் காற்றில் விழச்செய்து அந்தப் பெண்ணின் உயிரைக் கவர்ந்ததுபோல, இந்த மணமகனின் உயிரை ஒரு மாட்டை மிரளவைத்துக் கவரலாம் என்கிறார்கள். அப்படியே நடக்கிறது. வேடன் விடுதலை பெறுகிறான். மாறுவேடம், இரவுப் பயணம், ஒட்டுக்கேட்டல், எதிர்பாராத விடை என்று துப்பறியும் கதையின் உறுப்புகள் பலவும் இதில் உள்ளன. இதைவிட முக்கியம், கண்ணுக்கு முன் நிற்கும் சான்றை நம்ப அஞ்சுகிற ஓர் அரசன் இதில் இருக்கிறான்.

அச்சு வந்தபின் இந்த அச்சம் எங்கே போனது என்று பார்த்தால் முதலில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. சந்தைகளிலும் தெருமுனைகளிலும் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகளில் ஐயத்துக்கு இடமே இல்லை. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலி நூல்கள் என்று அழைக்கப்பட்ட மலிவுப் பிரசுரங்களில் இவையும் அடங்கும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) இவ்வுலகை விரிவாக அறிமுகப்படுத்துகிறது. அண்மையில் நடந்த கொலையைச் சுடச்சுடப் பாடுவது கொலைச்சிந்து. யார் குற்றவாளி என்பது பாடகனுக்கு முதல் அடியிலேயே தெரியும்; கேட்பவருக்கும் தெரிந்துவிடும். எஞ்சுவது ஒப்பாரியும் புத்திமதியும்தான். என் பென்சில்காரர் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் போலும்.

துப்பறியும் நாவல் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளியானது. அதில் கொலைப்பழி நிரபராதியான காதலன்மீது விழுகிறது; துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை வாசகன் காத்திருந்தாக வேண்டும். கொலைச்சிந்து கேட்டுப் பழகிய ஒரு சமூகம், தீர்ப்பைத் தள்ளிவைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாசிக்கப் பழகியது சிறிய மாற்றமன்று. ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கித் தமிழில் உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் கும்பகோணத்து வக்கீலின் சூழ்ச்சிகளைத் துருவினார். 1950இல் அது திரைப்படமானபோது எம். என். நம்பியார் அந்த வேடத்தில் நடித்தார்.

எழுத்தறியாதவர்களிடமும் இந்தக் கதைகள் சென்று சேர்ந்தன. ரங்கராஜுவின் நாவல்களை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்க, மதுரையின் பெயரைத் தாங்கிய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராக மேடையேற்றின. ‘சந்திரகாந்தா’ 1936இல் திரைக்கு வந்தபோது, பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா அதன்வழியாகத்தான் சினிமாவில் நுழைந்தார். புராண நாடகங்களே கோலோச்சிய மேடையில், போலி மடாதிபதிகளையும் பொய்வழக்குகளையும் காட்டியவை இந்தத் துப்பறியும் கதைகள்.

இவற்றை நல்ல இலக்கியம் என்று நான் வாதாடப் போவதில்லை. பெரும்பாலானவை தழுவல்கள். ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டால் கதை நம்முடையதாகிவிடும் என்ற எண்ணம் அக்கால எழுத்தாளர் பலரிடம் இருந்தது. நாற்பது பக்கத்தில் முடியவேண்டியதை நானூறு பக்கத்துக்கு இழுத்தார்கள். புதுமைப்பித்தன் தழுவல்களை எதிர்த்துக் கடுமையாக வாதாடியதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தப் புதுமைப்பித்தனே மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தார் என்பதையும், 1943இல் ‘காஞ்சனை’ எழுதினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் பகைத்தது நேர்மையற்ற எழுத்தை. இருட்டை அவர் பகைக்கவில்லை.

கதையிலிருந்து வாழ்வுக்கு வருவோம். 1952 ஆகஸ்ட் இறுதியில், சென்னையிலிருந்து புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஒரு பெட்டியில் துர்நாற்றம் வீச, மானாமதுரை நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற ஆண் உடல். தலை பின்னர் ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவைதாம் என்று மருத்துவர்கள் நிறுவினார்கள். ஆளவந்தார் கொலை வழக்கு என்று அது பெயர் பெற்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஓர் இளம் தம்பதி. மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் பெட்டி திறக்கப்பட்டதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது சொந்த ஊர்ச் சங்கதி. எத்தனையோ திண்ணைகளில் அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றத்துக்கு முன்பே தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. 1953இல் வழக்கை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் கதைகளும் நாடகங்களும் எழுதியவர். கணவருக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத்தண்டனை விதித்தார். மரண தண்டனை விதிக்கவில்லை. இறந்தவரின் நடத்தையும் அந்த வழக்கில் விசாரணைக்கு உட்பட்டதே காரணம். திண்ணைக்குத் தெரிந்தது தலையற்ற உடல் மட்டும். நீதிமன்றம் அதற்கு முன்னால் நடந்ததையும் கேட்டது.

பேய்க்கதைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்றே தோன்றுகிறது. ‘காஞ்சனை’யில் வருவது பேயா, மனப்பிரமையா என்பதைப் புதுமைப்பித்தன் முடித்துவைக்கவில்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தில் கணேஷும் வசந்தும் அதே கேள்வியில் இரு கட்சியாக நிற்கிறார்கள், கதை முடிந்தபின்னும் ஐயம் மிச்சமிருக்கிறது. மதுரையிலேயே வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’, 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஊரே உறைந்து பார்த்தது. தவறு செய்பவரைக் கொல்வது கருப்பசாமியா, கருப்பின் பெயரால் ஒரு மனிதக் கையா என்பதே அதன் மர்மம். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பின் அடைத்த கதவின்முன் வழக்காளிகள் சத்தியம் செய்யும் வட்டாரத்துக்கு இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று.

இன்று அந்த வாடகை நூல் நிலையம் இல்லை. அங்கிருந்த மாத நாவல்களில் பெரும்பகுதி எடைக்குப் போயிருக்கும். மலிவுத் தாளில் அச்சான அவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொலைச்சிந்துகளுக்காவது ஆய்வாளர் கிடைத்தார்கள். மாத நாவல்களை இனியேனும் யாராவது தேடிச் சேகரித்தால், ஒரு தலைமுறை எப்படி ஐயப்பட்டது, எதை அஞ்சியது என்பதன் ஆவணமாக அவை இருக்கும்.

அந்தப் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் கீழே, ‘இவர் இல்லை’ என்று மட்டும் எழுதினேன். அடுத்து வாசித்தவர் இருவரில் யாரை நம்பினாரோ, தெரியாது. யாரையும் நம்பாமல் வாசித்திருந்தால் நல்லது.