கொடும்பாவி

‘கொடும்பாவி எரிப்பு’ என்று செய்தித்தாளில் படித்தால் நமக்கு யாராவது ஒரு மந்திரியின் முகம் நினைவுக்கு வரும். தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர்களில் வயதானவர்களிடம் இதே சொல்லைச் சொன்னால் வானத்தைப் பார்ப்பார்கள்.

ராகியும் சாமையும் மழையை நம்பி நிற்கிற பூமி அது. ஆடியில் ஏமாற்றிய மழை ஐப்பசியிலும் ஏமாற்றினால், எங்கோ ஒரு பெரும்பாவி இருக்கிறாள், அவள் சாகாமல் மழை இறங்காது என்பது பழைய கணக்கு. யார் அவள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஊர் இரண்டாகும். அதனால் வைக்கோலில் ஒருத்தியைக் கட்டினார்கள். குறுக்குக் குச்சிகள் எலும்பு, சுற்றிய வைக்கோற்பிரி சதை, மேலே கிழிந்த சேலை. சில ஊர்களில் களிமண்ணிலும் செய்வதுண்டு. கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பின்னால் பறை, மாரடி, ஒப்பாரி. சுடுகாட்டில் கொள்ளி வைத்ததோடு இழவு முடிந்தது. (பாவி பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதை அந்த ஒப்பாரி வைத்த பெண்கள் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?) 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் தமிழகத்து மழைச் சடங்குகளைப் பதிவு செய்தபோது கொடும்பாவியையும் விடவில்லை.

கட்டுவது பொம்மை, பொம்மைக்குத் தமிழில் பாவை என்று பெயர். கொல்லிப்பாவை, தோற்பாவை என்கிறோம். அப்படியானால் கொடும்பாவைதான் கொடும்பாவி ஆயிற்றோ என்று எனக்கும் ஒரு சபலம் இருந்தது. சடங்கைப் பார்த்தால் அது நிற்காது. இழவு கொண்டாடுவது பாவைக்கு இல்லை, பாவிக்கு. வடமொழிப் ‘பாபி’ தமிழில் ‘பாவி’ ஆனது, பாபம் பாவமானது போலத்தான். முன்னால் ‘கொடுமை’ சேர்ந்தது. ஆளைக் குறித்த வசவு, ஆளுக்குப் பதிலாகக் கட்டிய உருவத்தின் பெயரானது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறு. 1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தைத் தகர்க்க வைத்த வெடிமருந்தோடு பிடிபட்டவன் கை ஃபாக்ஸ். ஆண்டுதோறும் அந்நாளில் எரித்த அவன் பொம்மைக்கு ‘கை’ என்றே பெயர் நின்றது. பிறகு அலங்கோலமாக உடுத்தியவன் ‘கை’, கடைசியில் எந்த ஆளும் ‘கை’. அங்கே பெயர் கரைந்து ஆளானது. இங்கே பெயரில்லாத பாவிக்கு அரசியல் வந்து பெயர் சூட்டியது. மழைக்குக் கட்டிய வைக்கோல், சட்டையும் ஒட்டிய படமுமாகப் பேருந்து நிலையத்துக்கு முன்னால் எரிகிறது. ஒப்பாரி மட்டும் சில இடங்களில் மாறாமல் இருக்கிறது.

இப்போது பத்திரிகைகள் ‘உருவபொம்மை’ என்று எழுதுகின்றன. வழக்கு வராத சொல், நாகரிகமான சொல். ஆனால் அதில் பொம்மைதான் இருக்கிறது, கோபம் இல்லை. என் ஓட்டு கொடும்பாவிக்கே.