ஆல்தறை ஏடிஎம் முதல் ‘டிஜிட்டல் கைது’ வரை

2016 ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரம் கடந்த வேளையில், திருவனந்தபுரத்தில் பலரது கைப்பேசிகளில் ஒரே வகையான குறுஞ்செய்தி வந்தது. அவர்களுடைய கணக்கிலிருந்து மும்பையில் பணம் எடுக்கப்பட்டிருந்தது. ஏடிஎம் அட்டையோ அவர்களது பையிலேயே இருந்தது. எவரிடமும் இரகசிய எண்ணைச் சொன்னவர்களும் அல்லர்.

விசாரணை வெள்ளையம்பலத்தை அடுத்த ஆல்தறைச் சந்திப்பில், ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் ஏடிஎம் ஒன்றில் சென்று நின்றது. அட்டையின் விவரங்களைப் படியெடுக்கும் ‘ஸ்கிம்மர்’ கருவியும், எண்ணை அழுத்தும் விரல்களைப் படம்பிடிக்கும் ஒளிப்படக்கருவியும் அங்கே பொருத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. சில நாட்களுக்குள் ருமேனிய நாட்டவர் ஒருவர் மும்பையில் கைது செய்யப்பட்டார். கேரளத்தின் இணையக் குற்ற வரலாற்றில் இந்நிகழ்வை ஒரு திருப்புமுனையாகக் கொள்ளலாம்.

இத்திருட்டு எவ்வாறு இயன்றது? அட்டையின் பின்புறமுள்ள கறுப்புக் காந்தப்பட்டையில் தகவல் என்றும் மாறாது கிடக்கிறது. ஒருமுறை படியெடுத்தால் அதே பட்டையை வேறொரு அட்டையில் உருவாக்கிவிடலாம். சில்லு பதித்த அட்டை அத்தகையதன்று. அது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதியதொரு மறைகுறியை ஆக்கித் தருகிறது. நேற்றைய குறியைத் திருடியவனுக்கு இன்று அதனால் பயனில்லை. இதனை ரிசர்வ் வங்கி அறியாமல் இல்லை. காந்தப்பட்டை அட்டைகள் அனைத்தையும் 2018 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் மாற்ற வேண்டும் என 2015ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தது. ஆணைக்கும் அட்டைக்கும் இடைப்பட்ட அந்த இடைவெளியில்தான் ஆல்தறைத் திருட்டு நிகழ்ந்தது.

சில்லு அட்டை பரவியதும் அந்த வழி பெரிதும் குறுகியது. ஆயினும் திருட்டு ஓயவில்லை, வழியை மாற்றிக்கொண்டது. இயந்திரத்தை ஏமாற்றுவது அரிதானபோது மனிதரை ஏமாற்றத் தலைப்பட்டனர். வங்கி அதிகாரி என்று பேசி ஓடிபி கேட்பது, பணம் ‘பெறுவதற்கு’ என்று சொல்லி யுபிஐ இரகசிய எண்ணை இடச்செய்வது, காவலர் சீருடையில் காணொளி அழைப்பில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுவது ஆகியன இப்புதிய வழியின் படிநிலைகள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் இம்மோசடி குறித்து எச்சரிக்க வேண்டிய நிலை உண்டானது.

இம்மாற்றத்தில் நாம் கருதிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆல்தறையில் பணம் இழந்தவர் மீது எப்பிழையும் இல்லை. இன்று இழப்பவரோ தம் கையாலேயே எண்ணைத் தந்தவராகிறார். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வேறுபாட்டின் மீதே அமைந்தது. வங்கியோ வாடிக்கையாளரோ பிழை செய்யாத நிலையில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டவருக்கு இழப்பே இல்லை என்றது. வாடிக்கையாளரே இரகசியத்தைப் பகிர்ந்திருந்தால், முறையிடும் கணம் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சேரும். அதற்குப் பின் நேர்வது வங்கியைச் சேரும் என்றும் வகுத்தது. ஆக, இரு நிலையிலும் காலமே பணத்தைத் தீர்மானிக்கிறது. வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் அளிக்கும் கொடையாகும்.

எனவே, வரலாறு நமக்கு விட்டுச்சென்ற நடைமுறைப் பாடங்கள் சிலவே. ஏடிஎம்மில் எண்ணை அழுத்துகையில் மறு கையால் மறைத்துக்கொள்க. வங்கியின் குறுஞ்செய்தி வரும் கைப்பேசி எண்ணை மாற்றினால் உடனே வங்கியில் பதிவு செய்க. பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் எக்காலத்தும் தேவையில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்றொரு நடைமுறை இந்தியச் சட்டம் எதிலும் இல்லை. அவ்வாறு மிரட்டும் அழைப்பை அக்கணமே துண்டிக்கலாம். பணம் போய்விட்டதென அறிந்தால் 1930 என்ற எண்ணை அழைத்தும், தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் பதிந்தும், வங்கிக்குத் தெரிவித்தும் பணம் மேலும் கைமாறுமுன் தடுக்க முயல வேண்டும். முறையீட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. ஏமாந்தவரை ‘படித்தவர்தானே, இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்பதை நாம் கைவிட வேண்டும். அக்கேள்விக்கு அஞ்சியே பலர் வீட்டாரிடமும் சொல்லாது மறைக்கின்றனர். ஆல்தறையில் ஏமாந்தது இயந்திரம். அதை எவரும் இகழவில்லை, பழுதைத்தான் நீக்கினர். மனிதருக்கும் அந்த நியாயத்தை வழங்குவோம். இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் 1930 என்னும் எண்ணைச் சொல்லிவையுங்கள். ஏமாந்தாலும் தயங்காமல் முதலில் நம்மிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.