ஒரே பாம்பு, வேறு வேறு நஞ்சு

பாம்புக்கடி பெரும்பாலும் உழைப்பாளரைத் தாக்கும் இடர். வெறுங்காலுடன் வரப்பில் நடப்போரும், இரவில் நீர் பாய்ச்சுவோரும், மண் தரையில் படுத்துறங்குவோருமே அதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்பு கடித்து மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கழனியில் உழைத்து வாழும் நம் மக்களுக்கு இது பிறர் கதையன்று. ஆகவே இதன் மருந்து வளர்ந்த வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1894இல் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ஆல்பர்ட் கால்மெட், நல்ல பாம்பின் நஞ்சை விலங்கின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியினின்று முறிமருந்து கண்டார். அஃது எல்லாப் பாம்புக்கடிக்கும் ஏற்றதென அவர் கருதினார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும், பம்பாயில் ஜார்ஜ் லாம்பும் செய்த ஆய்வுகள் அக்கருத்தை மறுத்தன. நல்ல பாம்புக்கான மருந்து கண்ணாடி விரியனின் நஞ்சை முறிக்கவில்லை. பின்னர் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவான கூட்டுமருந்து நம் நாட்டில் செய்யப்படலாயிற்று.

இதனோடு சிக்கல் தீரவில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரந்தோறும் வேறுபடுகிறது. பாம்பின் இரை, வாழும் நிலம், வயது ஆகியன இதற்குக் காரணங்களாம். இந்தியாவின் பல பகுதிகளில் வாழும் கண்ணாடி விரியன்களின் நஞ்சு, கூறுகளிலும் கொல்லும் ஆற்றலிலும் வேறுபடுவதை மைசூர் ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்டனர். இலங்கையில் இப்பாம்பு கடித்தோர்க்குக் குருதி உறையாமையோடு இமை தொங்குதல் முதலான நரம்புக் குறிகளும் மிகுதியாகக் காணப்படுகின்றன. வழக்கிலுள்ள கூட்டுமருந்து சில வட்டார நஞ்சுகளைப் போதிய அளவு முறிப்பதில்லை எனப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்து வருவோர் செங்கற்பட்டு மாவட்ட இருளர் பெருமக்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் தொழிலை இழந்த அவர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாது நஞ்செடுத்து, எண்ணற்ற உயிர்களைக் காத்தனர். பள்ளி காணாதவர் எனப் பிறர் எளிதாக எண்ணியோரின் அறிவே மருத்துவத்திற்கு அடிப்படையாயிற்று. குறை அவர்களுடையதன்று, ஒரு வட்டாரத்து நஞ்சு நாடு முழுமைக்கும் போதும் என்ற எண்ணமே குறை.

இளைஞர்களே! இன்றுள்ள மருந்தை நாம் ஒதுக்கிவிடலாகாது. கடியுண்டவர்க்கு அதுவே உயிர்காக்கும் துணை. மந்திரத்திலும் வேர்ப்பச்சிலையிலும் காலங்கடத்தாது உடனே மருத்துவமனை சேர்ப்பது நம் முதற்கடமை. ஒவ்வொரு வட்டார நஞ்சுக்கும் ஏற்ற மருந்து வேண்டும் எனக் கேட்பது நம் உரிமை. அம்மருந்தை ஆய்ந்து காணும் அறிவியலாளர்களும் நம் குடிசைகளிலிருந்தே எழுதல் வேண்டும்.