டார்வினின் டவுன் இல்லப் படிப்பறை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சார்ல்ஸ் டார்வின் 40 ஆண்டுகள் வாழ்ந்த வீடு டவுன் இல்லம். 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பெரும்பகுதி அதன் தரைத்தளப் படிப்பறையில் எழுதப்பட்டது. டார்வின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்ததில்லை. அவருக்கென்று அரசு ஆய்வுக்கூடமும் இல்லை. அலுவலகம், ஆய்வுக்கூடம், நோயறை எல்லாம் அந்த ஓர் அறையே.

வீடு வாங்கியது

டார்வினும் மனைவி எம்மாவும் 1842 செப்டம்பரில் லண்டனின் புகையையும் இரைச்சலையும் விட்டு இங்கே குடியேறினர். விலை ஏறத்தாழ 2,200 பவுண்டு. தந்தையின் செல்வம் இதற்குக் கைகொடுத்தது. லண்டன் 16 மைல், ரயில் நிலையம் எட்டரை மைல். நினைத்தவுடன் யாரும் வந்து கதவைத் தட்ட முடியாத தொலைவு. ஆனால் அறிஞர் கூட்டங்களுக்கு ஒரே நாளில் போய்வர இயலும். வீட்டை ஒட்டிய சாலையில் போவோர் உள்ளே பார்க்க முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. சாலையையே தோண்டித் தாழ்த்தி, மதிலும் எழுப்பினார். பின்னர், வருவோரை முன்கூட்டியே காணப் படிப்பறைச் சன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியையும் பொருத்தினார்.

நாற்காலியும் மேசையும்

இளம் வயதில் ஐந்தாண்டுகள் கப்பலில் உலகைச் சுற்றிவந்தவர், டவுனுக்கு வந்தபோது நோயாளி. வாந்தி, நடுக்கம், களைப்பு என்று நாள்கள் கழிந்தன. காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அறையின் அமைப்பை இந்த உடல்நிலையே தீர்மானித்தது. ஒரு மூலையில் தடுப்புக்குப் பின்னால், திடீரென்று குமட்டினால் ஒதுங்குவதற்குக் கழுவும் தொட்டி முதலியவை இருந்தன. எழுத்துமேசையில் குனிந்து எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. கணப்பு அடுப்பின் அருகே, தம் நீண்ட கால்களுக்கு ஏற்ப உயர்த்திய கைவைத்த நாற்காலியில் அமர்ந்து, அதன் இரு கைகளின் மேல் துணி ஒட்டிய பலகையைக் குறுக்காக வைத்து எழுதினார். நாற்காலிக்குச் சிறு சக்கரங்கள் உண்டு. எழுந்திருக்காமலே அறைக்குள் நகரலாம்.

சன்னலோரத்தில் தாழ்வான மேசையில் நுண்ணோக்கி இருந்தது. வெளிச்சத்துக்காகவே அந்த இடம். பக்கத்தில் சுழலும் வட்ட மேசை. அதன் இழுப்பறைகளில் நல்ல கருவிகள், முரட்டுக் கருவிகள், மாதிரிகள் என்று சீட்டு ஒட்டியிருந்தார். அறிவியல் கருவி என்று சொல்லத்தக்கவை குறைவு. விதை முளைக்கவைக்கப் பிஸ்கட் டப்பாவே போதுமாக இருந்தது. எதையாவது தூக்கிப் போட்டால் மறுநாளே அது தேவைப்படும் என்று நம்பியதால், உடைசல்களும் பத்திரமாக இருந்தன. புத்தகங்களிடம் அவருக்கு அந்தப் பரிவு கிடையாது. கனமான நூலைக் கையில் பிடிக்க வசதியாக இரண்டாகக் கிழித்துவிடுவார். குறிப்புகளைப் பொருள்வாரியாக 30 முதல் 40 பெரிய உறைகளில் பிரித்து, சீட்டு ஒட்டிய அடுக்குகளில் வைத்திருந்தார். ஒரு நூலைத் தொடங்குமுன் உரிய உறையை எடுத்தால், பல ஆண்டுச் சேகரிப்பு முழுவதும் கைக்கு வந்துவிடும்.

1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள், கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் சிறு கடலுயிரை இங்கேதான் அறுத்து ஆராய்ந்தார். பிறந்ததிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று, அண்டை வீட்டுக்காரர் எந்த அறையில் கொட்டலசு ஆராய்கிறார் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

நேர ஒழுங்கு

காலை 8 முதல் 9.30 வரை வேலை; பின் கடிதம்; 10.30 முதல் நண்பகல் வரை மீண்டும் வேலை. அதன்பின் 'மணல்நடை' என்று வீட்டார் அழைத்த தோட்டப் பாதையில் நடை. சுற்றுக் கணக்கு தவறாதிருக்கப் பாதையோரம் கற்களைக் குவித்து, சுற்றுக்கு ஒன்றாக உதைத்துத் தள்ளுவார். மாலையில் மேலும் ஒரு மணி நேரம் வேலை. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அவ்வளவே. ஆனால் அது உலகம் முழுவதும் எட்டியது. 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சல் உள்நாட்டுக் கடிதத்தை மலிவாக்கியிருந்தது. அவர் எழுதியவையும் பெற்றவையுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று கிடைக்கின்றன.

அந்த அமைதியைக் காத்தவர்கள் வேறு. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற எம்மா வீட்டையும் நோயாளிக் கணவரையும் கவனித்தார்; சமையலும் துப்புரவும் பணியாட்களின் பொறுப்பு. குழந்தைகளுக்கு அறைக்கதவு முழுதும் அடைபட்டிருக்கவில்லை. நூல், கத்தரிக்கோல், சுத்தியல் கேட்டு நுழைவார்கள். நான்கு வயது மகன் ஒருவன், வேலையை விட்டு விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாகத் தந்தையிடம் பேரம் பேசியிருக்கிறான். பெரிய நூலின் கையெழுத்துப்படித் தாள்களின் பின்புறத்தில் குழந்தைகள் வரைந்த படங்கள் இன்றும் உள்ளன.

1858

அவ்வாண்டு ஜூனில் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸின் கடிதம் வந்தது. மலுக்கத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது வாலஸுக்கும் இயற்கைத் தேர்வு பற்றிய அதே எண்ணம் தோன்றியிருந்தது. அவரிடம் சக்கர நாற்காலியும் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. ஓர் எண்ணம் தோன்ற நல்ல அறை தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதை எதிர்ப்புகளுக்கு ஈடுகொடுக்கும் ஆதாரக் குவியலாக்கியதுதான் டவுனின் 16 ஆண்டுகள். ஜூன் 28 அன்று டார்வினின் கைக்குழந்தை இறந்தது. ஜூலை 1இல் இருவரின் கட்டுரைகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. அன்று பிள்ளையை அடக்கம் செய்தார்கள். அதன்பின் பெரிய நூலைச் சுருக்கி எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டு நவம்பர் 24இல் வெளியிட்டார். முதற்பதிப்பு 1,250 படிகள்.

பின்னாளில்

கடைசி ஆண்டுகளில் டார்வின் வீட்டிலேயே பெரிய அறைக்கு மாறினார். 1882 ஏப்ரல் 19இல் அந்த வீட்டிலேயே காலமானார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு பெண்கள் பள்ளியாக இயங்கியது. அறுவை மருத்துவர் ஜார்ஜ் பக்ஸ்டன் பிரவுன் அதை விலைக்கு வாங்க, 1929இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. குடும்பத்தார் திருப்பித் தந்த பொருள்களைக் கொண்டு பழைய படிப்பறை மீண்டும் அமைக்கப்பட்டது. நாற்காலியும் பலகையும் இப்போது அங்கே உள்ளன.