பொருட்காட்சிச்சாலையும் நம்மவரும்

பொருட்காட்சிச்சாலைக்கு மக்கள் வருவதில்லை என்னுங் குறை புதிதன்று. 1851இல் தொடங்கிய சென்னைப் பொருட்காட்சிச்சாலையின் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர், உயிருள்ள புலியை வைத்தபோது கூட்டம் பெருகுவதைக் கண்டார். 1855இல் அவ்வளாகத்திலேயே மிருகக்காட்சிச்சாலையும் எழுந்தது. மக்களோ இதனை ‘உயிர் காலேஜ்’ என்றும், மற்றதைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வழங்கினர். அப்பெயரில் நகைப்பு மட்டுமன்று, நியாயமும் உண்டு. தன் வாழ்வோடு தொடர்பற்ற பொருள், எத்துணை அரியதாயினும், பார்ப்பவனுக்குச் செத்ததே.

கோலாலம்பூரில் நிலை யாது? பழைய சிலாங்கூர்ப் பொருட்காட்சிச்சாலையின் ஒரு பகுதி 1945இல் விமானக் குண்டுக்கு இரையாயிற்று. அவ்விடத்திலேயே 1963 ஆகஸ்டு 31இல் தேசியப் பொருட்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அது நடைதூரம். கிள்ளானிலிருந்து வருவோர் சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம். 2017 முதல் அதன் பெயராலேயே ரயில் நிலையமும் உண்டு. ஆயினும் நம்மவருள் உட்புகுந்தோர் எத்தனை பேர்? தூரம் காரணமன்று. ‘அங்கே நமக்கென்ன இருக்கிறது?’ என்னும் எண்ணமே காரணம்.

ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்து மறைந்தபோது, பால்மரம் சீவிய உளியும், மங்கும், பெரட்டு மணியும் பழைய இரும்போடு போயின. செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்கு உணவாயின. தோட்டக் கணக்கெழுதும் நாம் அறிவோம்: பாட்டனார் பெயர் அவ்வேட்டிலன்றி வேறெங்கும் இல்லாத குடும்பங்கள் பல.

எஞ்சியவற்றைக் காப்போம். தோட்டத்தின் பெயரும் ஆண்டும், உழைத்தவர் பெயரும் எழுதிச் சேர்ப்போம். கேட்டுப் பெறுவது நிருவாகத்தார் கடமை. கொடுப்பது நம் கடமை. பாட்டியின் உளியைப் பேத்தி அங்குக் காணும் நாளில், செத்த காலேஜும் உயிர் பெறும்.