பிரெஞ்சு முடிவுறா இறந்தகாலம்

பிரெஞ்சு வினைகளின் இறந்தகால வடிவங்களில் ஒன்று. பிரெஞ்சில் இதன் பெயர் 'ஆம்பர்ஃபே'. கடந்த காலத்து நிலையையோ செயலையோ, அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற எல்லைகளைக் கணக்கில் எடுக்காமல், நடந்துகொண்டிருந்தபடியே காட்டுவது இதன் வேலை. எல்லை உள்ள, முடிந்த செயலைச் சொல்லப் பேச்சில் 'பாஸே கோம்போஸே' வரும். கதை, வரலாறு போன்ற எழுத்துநடையில் 'பாஸே சாம்ப்ல்' வரும். பாஸே சாம்ப்ல் பேச்சிலிருந்து மறைந்து நெடுநாள் ஆகிறது. ஆம்பர்ஃபேவோ பேச்சு, எழுத்து இரண்டிலும் முழு வழக்கில் இருக்கிறது.

தமிழர் இந்த வடிவத்தைப் பள்ளியில் படிப்பது புதிதல்ல. புதுச்சேரியின் பிரெஞ்சு லிசே 1826-லும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1889-லும் தொடங்கப்பட்டவை. தமிழ்நாட்டில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கும் மாணவர்களும் தொடக்க நிலையைத் தாண்டியதும் இதைச் சந்திக்கிறார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை இடையில் வைத்து இதை விளக்குகின்றன. தமிழிலிருந்து நேரே போனால் வழி இன்னும் சுருக்கம்.

வடிவம்

ஆக்கும் முறை எளிது. நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்குரிய வடிவத்தை எடுத்து, அதன் கடைசியில் உள்ள ஓ-என்-எஸ் என்ற மூன்று எழுத்தை நீக்கினால் அடிச்சொல் கிடைக்கும். பேசு என்னும் வினைக்கு அது 'நூ பார்லோன்'. ஈறு போனால் மிஞ்சுவது 'பார்ல்'. இதோடு நான், நீ இரண்டுக்கும் ஏ-ஐ-எஸ், அவன் அல்லது அவளுக்கு ஏ-ஐ-டி, நாங்களுக்கு ஐ-ஓ-என்-எஸ், நீங்களுக்கு ஐ-இ-இசட், அவர்களுக்கு ஏ-ஐ-இ-என்-டி என்ற ஈறுகள் சேரும். ஜு பார்லே, த்யூ பார்லே, இல் பார்லே, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லே.

நிகழ்காலத்தில் தாறுமாறாகத் திரியும் வினைகளும் இங்கே ஒழுங்காக நடக்கும். குடி என்பதற்கு 'நூ ப்யூவோன்', ஆகவே 'ஜு ப்யூவே'. எடு என்பதற்கு 'நூ ப்ரனோன்', ஆகவே 'ஜு ப்ரனே'. விதிக்கு அடங்காதது 'இரு' என்னும் ஒரே வினை: அதன் அடிச்சொல் 'ஏத்', வடிவம் 'ஜேத்தே'. 'மழை பெய்' போன்ற, 'நாங்கள்' வடிவமே இல்லாத வினைகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

எழுத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சாப்பிடு என்னும் வினையில் 'ஜி' எழுத்தின் மென்மையைக் காக்க ஏ-வுக்கு முன் ஓர் இ வரும். ஐ-யில் தொடங்கும் ஈறுகளுக்கு முன் அது தேவையில்லை. தொடங்கு என்னும் வினையில் அதே காரணத்துக்காக 'சி' எழுத்தின் அடியில் வால் போடுவார்கள். அடுத்தது, படி என்னும் வினை. அதன் அடிச்சொல்லே ஐ-யில் முடிவதால், நாங்கள், நீங்கள் வடிவங்களில் இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். தேர்வில் பாதிப் பேர் ஒன்றை விட்டுவிடுவது இங்கேதான்.

ஒலியைப் பொறுத்தவரை ஆறில் நான்கு வடிவங்கள் ஒரே மாதிரி. பேச்சில் 'நாங்கள்' என்பதற்குப் பதிலாக 'ஓன்' என்ற சொல்லே பெரும்பாலும் வருவதால், காதில் விழுவது அநேகமாக ஒரே ஒலிதான். அந்த ஒலி தமிழ் ஏகாரத்தைவிட வாயைச் சற்று அகலத் திறந்து சொல்லும் ஏகாரம். 'பேச' என்னும் வினையெச்சமும் 'பேசிய' என்னும் எச்சமும் பிரெஞ்சில் குறுகிய ஏகாரத்தில் முடிகின்றன. தமிழ் எழுத்தில் மூன்றும் 'பார்லே'தான். செவியால் பழகினால்தான் பிரியும்.

பொருள்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவரைச் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒருவரைப் பற்றிப் பேரன் சொல்வதாக நான்கு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். தாத்தா சொல்தாவாக இருந்தார். தினமும் காலையில் கடற்கரையில் நடப்பார். அவருக்கு மூன்று மொழி தெரியும். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்.

தமிழில் முதல் வினை இறந்தகாலம், இரண்டாவது எதிர்கால வடிவம், மூன்றாவது காலமே காட்டாத 'தெரியும்'. பிரெஞ்சில் மூன்றும் ஆம்பர்ஃபே: 'ஏத்தே', 'மார்ஷே', 'ஸாவே'. நான்காவது மட்டும் பாஸே கோம்போஸே, 'இல் ஆ ஷுவாஸி'. புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் தவணை தரப்பட்டது. தேர்ந்தெடுத்தல் ஒரு புள்ளியில் நடந்து முடிந்த செயல். முதல் மூன்றும் அந்தச் செயலைச் சுற்றியிருந்த வாழ்க்கை.

ஆகவே ஆம்பர்ஃபேவுக்கு ஈடான ஒரே தமிழ் வடிவத்தைத் தேடிப் பயனில்லை. தமிழ் இந்தப் பொருளைப் பல வடிவங்களில் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமானது எதிர்கால வடிவம். 'அந்தக் காலத்தில் பாட்டி விடியுமுன் எழுந்திருப்பாள்' என்பதில் எதிர்காலம் ஏதும் இல்லை. பழைய வழக்கம்தான் இருக்கிறது. நன்னூல் கால மயக்கத்தை அனுமதிக்கும் நான்கு காரணங்களில் 'இயல்பு' ஒன்று. முன்பு விளையாடிய சோலையை எதிர்கால வடிவத்தால் சுட்டுவதை உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவார்கள். இந்த இலக்கணம் தெரிந்த மாணவர் 'எழுந்திருப்பாள்' என்பதைப் பிரெஞ்சு எதிர்காலத்தில் பெயர்க்க மாட்டார். பள்ளியில் தமிழ் இலக்கணத்தை ஒதுக்கிவைத்துப் பிரெஞ்சு கற்பிப்பது பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

வழக்கமா, எண்ணிக்கையா என்பது அடுத்த சோதனை. கர்நாடகத்தில் கொள்ளேகாலிலிருந்து மலை மகாதேசுவரர் மலைக்குச் செல்லும் பாதை கௌதள்ளி வழியாகப் போகிறது. 'வருஷாவருஷம் கௌதள்ளி வழியாக நடந்தே மலைக்குப் போவோம்' என்றால் ஆம்பர்ஃபே, 'ஓன் ஆலே'. 'மூன்று தடவை போனோம்' என்றால் பாஸே கோம்போஸே. திரும்பத் திரும்ப நடந்தது என்பது மட்டும் ஆம்பர்ஃபேவைக் கொண்டுவராது. எண்ணி முடித்துவிட்டால் எல்லை வந்துவிடும்.

கால அளவும் அப்படித்தான். 'பத்து வருஷம் காரைக்காலில் இருந்தேன்' என்பது நீண்ட காலம் என்பதால் ஆம்பர்ஃபே போடுகிறார்கள், அது தவறு. பத்து வருஷம் என்று அளந்து சொன்னதால் பாஸே கோம்போஸேதான் சரி. 'அப்போது காரைக்காலில் இருந்தேன்' என்றால் ஆம்பர்ஃபே. இரண்டு இடத்திலும் தமிழில் 'இருந்தேன்' என்றே வருவதால் இந்தப் பிழை வகுப்புக்கு வகுப்பு தொடர்கிறது. சில வினைகளில் வடிவம் மாறினால் பொருளே மாறும்: 'ஜு ஸாவே' என்றால் எனக்கு அப்போதே தெரியும், 'ஜே ஸ்யூ' என்றால் எனக்குத் தெரியவந்தது.

கடந்த காலம் அல்லாத இடங்கள்

'ஸி', அதாவது 'ஆல்' விகுதிக்கு நிகரான சொல்லுக்குப் பின், நடக்காததை அல்லது நடக்க வாய்ப்புக் குறைந்ததைக் கற்பனை செய்ய ஆம்பர்ஃபே வரும்: 'ஸி ஜாவே லு தான்', எனக்கு நேரம் இருந்தால். தமிழர் இதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. இருந்தால், வந்தால், போனால் என்று நாம் சொல்வதும் இறந்தகால அடியிலிருந்து பிறந்ததே. 'ஸி ஓன் ஆலே ஆ லா ப்லாஜ்?' என்பதும் 'கடற்கரைக்குப் போனால் என்ன?' என்பதும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. முடிவு வாக்கியத்தில் வரும் 'வருவேன்' என்பதற்கு மட்டும் பிரெஞ்சில் தனி வடிவம் உண்டு; அதன் ஈறுகளும் ஆம்பர்ஃபேவின் ஈறுகளே. அந்த வடிவத்தை 'ஸி'க்கு அடுத்தே வைத்துவிடுவது பிரெஞ்சுக் குழந்தைகளும் செய்யும் பிழை.

மரியாதைக்கும் இது பயன்படும். கடையிலோ அலுவலகத்திலோ 'ஜு வூலே' என்று பேச்சைத் தொடங்குவது, 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்' என்று நாம் இழுத்துச் சொல்வது போன்றது. பிள்ளைகள் விளையாட்டில் 'நீ ராஜாவாம், நான் மந்திரியாம்' என்று பாத்திரம் பிரிக்கும்போது பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்வது ஆம்பர்ஃபே: 'த்வா த்யூ ஏத்தே லு ருவா'. இன்னும் தொடங்காத விளையாட்டுக்கு இறந்தகாலம்!

செய்தித்தாளிலும் வரலாற்று நூலிலும் ஆம்பர்ஃபேவின் அடிப்படைப் பொருளுக்கே நேர்மாறான ஒரு வழக்கு உண்டு. நாள் குறித்து, முடிந்த நிகழ்ச்சியையே ஆம்பர்ஃபேவில் சொல்வார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதை இந்த நடையில் எழுதினால், அந்த நாள் வாசகன் கண்முன் நீண்டு நிற்கும். நாவலில் இந்த வடிவத்தின் ஆற்றலை விரித்துக் காட்டியவர் ஃப்லோபேர். அவருடைய ஆம்பர்ஃபே பொருள்களையும் மனிதரையும் பார்க்கும் விதத்தையே புதிதாக்கியது என்று மார்செல் ப்ரூஸ்த் 1920-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். ஜெர்மானிய மொழியியலாளர் ஹரால்ட் வைன்ரிஷ் 1964-இல் வெளியான 'டெம்புஸ்' நூலில் ஆம்பர்ஃபேவைக் கதையின் பின்புலத்துக்கும் பாஸே சாம்ப்லை முன்புலத்துக்கும் உரியவையாகப் பிரித்தார். வகுப்பறையில் இன்றும் அதிகம் உதவும் விளக்கம் அதுவே. இரண்டையும் மாற்றிப் போட்டால் இலக்கணம் உடையாது, கதை நகரும் விதம் மாறும்.

வரலாறும் எழுத்தும்

ஈறுகள் லத்தீன் மொழியின் முடிவுறா இறந்தகாலத்திலிருந்து வந்தவை. லத்தீனில் வினைக் குடும்பத்துக்கு ஒரு ஈறாக இருந்தது, பிரெஞ்சில் ஒரே வரிசையாகச் சுருங்கி எல்லா வினைகளுக்கும் பொதுவானது. இன்றைய ஒழுங்குக்குக் காரணம் அதுதான்.

எழுத்து மட்டும் ஒலியைத் தாமதமாகத்தான் பின்தொடர்ந்தது. ஏ-ஐ என்று இன்று எழுதும் இடத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஓ-ஐ என்றே எழுதினார்கள். ஒலிக்கேற்ப மாற்ற வேண்டும் என்று வோல்தேர் வற்புறுத்தினார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 6-ஆம் பதிப்பில், 1835-இல்தான் ஏற்றது. புதுச்சேரியில் துய்ப்ளே ஆளுநராக இருந்த 1742 முதல் 1754 வரையிலான ஆண்டுகளின் பிரெஞ்சு ஆவணங்களைப் படிக்க முற்படும் தமிழ் ஆய்வாளர், வினையின் ஈற்றில் ஓ-ஐ-டி என்று கண்டால் அதைப் புதுச் சொல்லாக அகராதியில் தேட வேண்டாம். அது ஆம்பர்ஃபேவின் பழைய எழுத்து.